பென்டிரைவின் ஹாஷ் பொருந்தவில்லை: வீடியோ கெட்டுவிட்டதா?

உங்கள் வழக்கின் சான்றாகக் கைப்பற்றியபோது முழு பென்டிரைவுக்கும் எடுத்த ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு) இப்போது வேறாக வருகிறது என்பதாலேயே உள்ளே உள்ள சிசிடிவி வீடியோ மாறிவிட்டது என்று ஆகாது. முழு பென்டிரைவின் ஹாஷ் வேறு, கோப்பின் ஹாஷ் வேறு.

பெரும்பாலும் யாரோ எழுத்துத் தடுப்பான் (கணினி பென்டிரைவில் எதையும் எழுதாமல் தடுக்கும் கருவி) இல்லாமல் சாதாரண விண்டோஸ் கணினியில் செருகிப் பார்த்திருப்பார்கள். செருகியதுமே விண்டோஸ் ‘சிஸ்டம் வொலியூம் இன்பர்மேஷன்’ என்ற மறைந்த கோப்புறையை உருவாக்கிவிடும். ஒரு பைட் மாறினாலும் முழு ஹாஷும் மாறும்.

முதலில் தடுப்பானோடு இணைத்து முழுப் பிரதி எடுங்கள். அப்புறம் அந்தப் பிரதியில்:

1. அந்தக் கோப்புறை உருவான திகதியைப் பாருங்கள். அது கைப்பற்றிய நாளுக்குப் பிந்தியதா? அன்று பென்டிரைவ் யார் கையில் இருந்தது என்று கையளிப்புப் பதிவேட்டில் (சான்றுப் பொருள் யாரிடமிருந்து யாரிடம் போனது என்ற பதிவில்) தேடுங்கள்.

2. வீடியோக் கோப்புக்கு மட்டும் எஸ்எச்ஏ-256 என்ற வகை ஹாஷ் எடுத்து, அன்று கோப்புக்குத் தனியாகக் குறித்த ஹாஷ் இருந்தால் ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் வீடியோ எந்தக் கடையின் கமராவிலிருந்து வந்ததோ, அந்தக் கடைக்காரரின் டிவிஆரை (கமராப் பதிவுகளைச் சேமிக்கும் பெட்டியை) இன்றே தேடிப் போங்கள். அது பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டிருக்கும்.

அந்தக் கோப்புறையை அழித்துச் ‘சரிசெய்ய’ மட்டும் வேண்டாம், தயவுசெய்து. நடந்ததை அப்படியே எழுதி அரச சட்டத்தரணியிடம் கொடுங்கள். இலங்கையின் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் இதை முன்வைப்பதானால் வழக்கு விளக்கத்துக்கு (விசாரணைக்கு) 45 நாட்களுக்கு முன்பே மறுதரப்புக்கு அறிவித்தல் போக வேண்டும். அவர்கள் மூலப்பொருளைப் பார்வையிடவும் கேட்கலாம். யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் உங்கள் வழக்குத் திகதி எப்போது?