இந்த வயதில் மெட்டீரியல்ஸ் படிக்கலாமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். ஓசூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு, பெங்களூரு பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் குவாலிட்டி பிரிவில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 26. வீடு தாசரஹள்ளி.

போன வருடம் எங்கள் ஷாப்பில் நடந்த ஒன்றுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். 12.9 கிரேடு என்ற மிக உறுதியான வகை போல்ட்டுகளை வெளியே கொடுத்து ஜிங்க் பிளேட்டிங் போட்டு வாங்கினோம். சாயங்காலம் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கிவிட்டு வீட்டுக்குப் போனோம். காலையில் வந்து பார்த்தால் இரண்டு போல்ட்டின் தலை தனியாகத் தரையில் கிடக்கிறது. இரவு முழுக்க மெஷின் ஓடவில்லை, யாரும் தொடவும் இல்லை. டெஸ்ட் ரிப்போர்ட்டில் கெமிஸ்ட்ரி, ஹார்ட்னஸ் (கடினம்), டென்சைல் (இழுத்துப் பார்க்கும் சோதனை) எல்லாம் சரி. முறுக்கிய ஆள் அதிகமாக முறுக்கிவிட்டார் என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள். அந்த அண்ணனுக்குக் கெட்ட பெயர். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அதிலிருந்து கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிறேன். கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். மெட்டீரியல்ஸ் (உலோகம் போன்ற பொருள்களின் உள்ளமைப்பைப் பற்றிய படிப்பு) சேர ஆசை. ஒயிட்ஃபீல்டில் இருக்கும் சித்தப்பா, "இந்த வயசுல இரும்பைப் படிச்சு என்னடா பண்ணப்போற, பைத்தான் கத்துக்கோ" என்கிறார். அம்மாவுக்கு இரண்டு வருடம் சம்பளம் நின்றுபோகுமே என்ற கவலை. எனக்குக் கணக்கு என்றால் பயம். கெமிஸ்ட்ரி பிளஸ் டூவோடு போயிற்று. நீங்கள் இதையே படித்து இதே ஊரில் வேலை செய்பவர் என்பதால் கேட்கிறேன். சேரலாமா?

– தாசரஹள்ளியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சேருங்கள். ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த போல்ட். உடைந்த பரப்பைப் பார்க்காமல் யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், என் சந்தேகம் முழுக்க ஹைட்ரஜன் மேல்தான். பிளேட்டிங்குக்கு முன் துருவையும் செதிலையும் எடுக்க போல்ட்டை ஆசிட்டில் முக்குவார்கள். அப்போது கொஞ்சம் ஹைட்ரஜன் எஃகுக்குள் போகும். பிறகு மின்சாரம் செலுத்தி ஜிங்க் ஏற்றும்போது இன்னும் கொஞ்சம். மிக மிகச் சின்ன அணு அது. இரும்பின் படிக அடுக்குக்குள் சுலபமாக நகரும். போல்ட்டை முறுக்கியதும் தலைக்குக் கீழே, வளைவு இருக்கும் இடத்தில் இழுவிசை குவிகிறது. ஹைட்ரஜன் அங்கே போய்ச் சேருகிறது. போய்ச் சேர நேரம் எடுக்கும். அதனால்தான் மாலையில் முறுக்கியது காலையில் உடைந்தது.

டென்சைல் டெஸ்ட்டில் ஏன் பாஸ் ஆனது? அந்தச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்குள் ஹைட்ரஜன் நகர்ந்து ஓரிடத்தில் சேர வாய்ப்பில்லை. ஹார்ட்னஸ் சரியாக இருந்தது என்கிறீர்கள். 12.9 கிரேடுக்கு ராக்வெல் சி என்ற கடின அளவில் 39 முதல் 44 வரை இருக்க வேண்டும். ஹைட்ரஜனுக்கு எஃகு இரையாவதும் ஏறத்தாழ அந்த 39க்கு மேல்தான். அந்த ரிப்போர்ட்டில் பொய் எதுவும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். முறுக்கிய அண்ணன் மேல் பழி விழுந்தது அநியாயம். இப்போதாவது அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

பிளேட்டிங் முடிந்த நான்கு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி வரையிலான சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும் என்பது நடைமுறை. பேக்கிங் என்பார்கள். அது விட்டுப்போயிருக்கலாம், தாமதமாகியிருக்கலாம். இவ்வளவு உறுதியான போல்ட்டுக்கு மின்முலாமே வேண்டாம், மின்சாரமில்லாமல் பூசும் ஜிங்க் ஃப்ளேக் பூச்சு போதும் என்று சொல்பவர்களும் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

இது புதிய நோயும் அல்ல. ஆசிட்டில் கிடந்த இரும்பு முறியும் என்பதையும், கொஞ்ச காலம் வைத்திருந்தால் பழைய குணம் திரும்பும் என்பதையும் 1875லேயே டபிள்யூ. எச். ஜான்சன் எழுதிவிட்டார். 2013 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ–ஓக்லாந்து பாலத்தின் புதிய பகுதியில் 96 நங்கூரக் கம்பிகளை இழுத்து முறுக்கினார்கள். சில நாட்களில் 32 உடைந்துபோயின. காரணம் ஹைட்ரஜன்தான். நூற்றைம்பது வருடம் தெரிந்த விஷயம், பீன்யாவிலும் நடக்கிறது, கலிபோர்னியாவிலும் நடக்கிறது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. உள்ளே போன ஹைட்ரஜன் சரியாக என்னதான் செய்கிறது என்பதில் இன்றுவரை வாதம் நடக்கிறது. அணுக்களுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்துகிறது என்பது ஒரு தரப்பு. படிகத்துக்குள் இருக்கும் டிஸ்லொகேஷன் என்ற பிசகுகளைச் சுலபமாக நகரவைத்து, சேதத்தை ஒரே இடத்தில் குவிக்கிறது என்பது இன்னொரு தரப்பு. நீங்கள் எம்.டெக். சேர்ந்தால் இந்த வாதத்தை நேரடியாகக் கேட்பீர்கள். ப்ராஜெக்ட் அமைவதைப் பொறுத்து, அதில் ஒரு சின்னத் துண்டு உங்கள் கைக்கும் வரலாம்.

இனி கணக்கு. பேக்கிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம் சூட்டில் வைக்க வேண்டும்? ஓர் அணு பரவிக் கடக்கும் தூரம், நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. போல்ட்டின் விட்டம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். சூடு ஏற ஏறப் பரவும் வேகம் அடுக்குக்குறி கணக்கில் எகிறும். மேலே இருக்கும் ஜிங்க் படலம் ஹைட்ரஜனை வெளியே விடாமல் தடுப்பதால், நடைமுறையில் இன்னும் கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும். முதல் செமஸ்டரில் டிஃப்யூஷன் என்ற பெயரில் வருவது பெரும்பாலும் இதுதான். வகைக்கெழுச் சமன்பாடு வரும், பகுதி வகைக்கெழு வரும். மெக்கானிக்கலில் ஹீட் டிரான்ஸ்ஃபர் பாஸ் செய்தவருக்கு அதே சமன்பாடு வேறு சட்டை போட்டு வரும். பயப்படுவதானால் தெர்மோடைனமிக்ஸுக்குப் பயப்படுங்கள். இன்ஜின் சுழற்சிகளை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் தடுமாறுவீர்கள். இங்கே கேள்வி, இந்தச் சூட்டில் இந்தக் கலவையில் எந்தக் கட்டம் (ஃபேஸ், அதாவது உள்ளமைப்பு வகை) நிலைத்து நிற்கும் என்பது. கெமிஸ்ட்ரியும் அந்த அளவுக்குத்தான் தேவை.

வகுப்புகளைவிட இரண்டாம் வருடம்தான் முக்கியம். ஒரு சாம்பிளை நீங்களே வெட்டி, பேக்கலைட்டில் பதித்து, எமரி பேப்பரில் 220லிருந்து 1200 வரை படிப்படியாகத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு பேப்பர் மாற்றும்போதும் சாம்பிளைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, முந்தைய கீறல் முழுக்கப் போயிற்றா என்று பார்க்க வேண்டும். பிறகு துணியில் டைமண்ட் பேஸ்ட் வைத்து மெருகேற்றி, நைட்டாலில் சில விநாடி முக்கி எடுப்பீர்கள். எத்தனாலில் கொஞ்சம் நைட்ரிக் ஆசிட் கலந்ததுதான் அது. அதுவரை கண்ணாடி மாதிரி பளபளத்த பரப்பு மங்கும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் எஃகின் கட்டமைப்பு முழுக்கத் தெரியும். ஒரு விநாடி கூடிப்போனால் கருகிவிடும். மறுபடி பேப்பரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு அலுக்காதவர்களுக்கு இந்தப் படிப்பு கைகொடுக்கும். உங்கள் போல்ட்டின் உடைந்த முகத்தை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருந்தால், படிக மணிகள் ஓரங்களில் பிரிந்து கற்கண்டு குவித்த மாதிரி தெரிந்திருக்கும். ஹைட்ரஜன் வேலை செய்ததற்கு அது வலுவான சாட்சி.

எங்கே சேர்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பீன்யாவில் மெட்ரோ ஏறினால் டாட்டா இன்ஸ்டிட்யூட், அதாவது இந்திய அறிவியல் கழகமான ஐஐஎஸ்சி, எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஐஐஎஸ்சி என்றால் ஆட்டோக்காரருக்குச் சில நேரம் புரியாது, டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றால் புரியும். அங்கே மெட்டலர்ஜி (உலோகவியல்) துறை 1945ல் தொடங்கியது. இன்று அதன் பெயர் மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங். உலோகத்தோடு செராமிக், பாலிமர், எலக்ட்ரானிக் மெட்டீரியல்கள் என்று துறை விரிந்துவிட்டது. அந்த ஓர் இடத்தை மட்டும் நினைத்துக்கொண்டு விண்ணப்பிக்காதீர்கள். சென்னை ஐஐடி, மும்பை ஐஐடி, திருச்சி என்ஐடி மூன்றிலும் நல்ல துறைகள் இருக்கின்றன. எங்கே கிடைத்தாலும், சேரும் முன் அங்கே படிக்கும் ஒரு மாணவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் எம்.டெக். மாணவர்களை உட்காரவிடுகிறார்களா, இல்லை சாம்பிளை ஆப்பரேட்டரிடம் கொடுத்துவிட்டுப் படத்தை வாங்கிக்கொள்வதா? ரேங்க் பட்டியலைவிட இந்த ஒரு பதிலுக்கு நான் மதிப்பு கொடுப்பேன். எங்கே பார்க்க வேண்டும் என்பதை முடிவெடுப்பதுதான் பாதி வேலை. அதை இன்னொருவர் செய்துகொடுத்தால் இரண்டு வருடம் போனாலும் கண் பழகாது.

கேட் தேர்வில் உங்களுக்கு வழிகள் உண்டு. மெட்டலர்ஜி தாள் எழுதலாம். எக்ஸ்இ (பொறியியல் அறிவியல்) தாள் எடுத்து அதில் மெட்டீரியல்ஸ் சயின்ஸ், சாலிட் மெக்கானிக்ஸ் இரண்டையும் தேர்ந்துகொள்ளலாம். மெக்கானிக்கல் படித்தவருக்கு இரண்டாவதுதான் வசதி என்பது என் அபிப்பிராயம். எந்த நிறுவனம் எந்தத் தாளை ஏற்கிறது என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். ஒரு தடவை நன்றாக எழுதிவிட்டு, வீட்டு நிலவரம் பார்த்து அடுத்த வருடம்கூடச் சேரலாம்.

அம்மாவின் கவலை நியாயமானது. அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட் மூலம் எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை என்பது பல வருடமாக இருக்கும் தொகை. ஹாஸ்டலில் இருந்தால் உங்கள் செலவுக்கு ஆகும், வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. வீடு உங்கள் சம்பளத்தை நம்பியிருந்தால், முதலில் ஒரு வருடம் சேர்த்துவையுங்கள். முடித்து வந்ததும் கிடைக்கும் முதல் சம்பளம், சித்தப்பா சொல்லும் வேலையின் சம்பளத்துக்குக் கீழேதான் இருக்கும். இதை மறைத்துப் பேசி உங்களைச் சேர்த்துவிட எனக்கு விருப்பமில்லை. அதே சமயம் இந்த ஊரிலேயே விமான ஆய்வுக்கூடமான என்ஏஎல், ஜெட் இன்ஜின் ஆய்வுக்கூடமான ஜிடிஆர்இ, விமானம் கட்டும் எச்ஏஎல்லின் ஃபவுண்ட்ரி அண்ட் ஃபோர்ஜ் இருக்கின்றன. சித்தப்பா இருக்கும் ஒயிட்ஃபீல்டிலேயே ஜிஇயின் ஆய்வு மையம் இருக்கிறது. குஜராத்தில் சானந்திலும் தோலேராவிலும் சிப் தொழிற்சாலைகள் வருகின்றன. அங்கெல்லாம் மெல்லிய படலங்களையும் சாலிடர் இணைப்புகளையும் புரிந்தவர்கள் தேவை. ஆராய்ச்சி வேலைதான் வேண்டும் என்றால், எம்.டெக்.கோடு நிற்காமல் பிஎச்.டி.யும் போக வேண்டியிருக்கும்.

அப்புறம், சித்தப்பாவோடு சண்டை போட வேண்டாம். பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள். ஆயிரம் மைக்ரோஸ்கோப் படங்களில் படிக மணிகளின் அளவை எடுக்க, கட்ட வரைபடங்களைக் கணக்கிட, அணு மட்டத்தில் சிமுலேஷன் ஓட்ட எல்லாவற்றுக்கும் இன்று அது வேண்டும். அவர் சொன்னதைக் கேட்ட மாதிரியும் ஆயிற்று, நீங்கள் நினைத்ததைப் படித்த மாதிரியும் ஆயிற்று.

கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். அதற்கு முன் ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் இணையப் பாடத் தளமான என்பிடிஇஎல்லில் ஃபேஸ் டயக்ராம் (கட்ட வரைபடம்) பற்றிய பாடங்களை இலவசமாகப் பாருங்கள். இரும்பு–கார்பன் வரைபடத்தை நோட்டில் கையால் வரைந்து, 0.4 சதவீதக் கார்பன் உள்ள எஃகு உருகிய நிலையிலிருந்து ஆறும்போது ஒவ்வொரு சூட்டிலும் உள்ளே என்னென்ன இருக்கும் என்று எழுதிப் பாருங்கள். ஷிப்ட் முடிந்து களைத்து வந்த ஒரு ராத்திரியில் அதைச் செய்து பார்த்துவிட்டு, எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். எங்கே சிக்கியது என்று சொன்னால், அந்த இடத்தை நான் விளக்கி எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா