கொத்தமல்லியில் சோப்பு வாசனையா?

கேள்வி: ரசத்தில் கொத்தமல்லித் தழை தூவினாலே என் கணவர், ‘சோப்பு நாத்தம்’ என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். வீம்பா, நிஜமா? – ஒரு வாசகி, தேனி.

பதில்: நிஜமாகவே இருக்கலாம் அம்மா. என் சின்ன அண்ணனும் இதே கட்சிதான். கல்யாணப் பந்தியில் ரசத்திலிருந்து ஒவ்வொரு தழையாகப் பொறுக்கி இலையோரம் ஒதுக்குவார். அதற்காக அம்மாவிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

நம் மூக்கில் வாசனையைப் பிடிக்கும் ஏற்பிப் புரதங்கள் சுமார் 400 வகை உண்டு. ஒவ்வொரு வகைக்கும் தனி மரபணு. 11ஆம் குரோமோசோமில் இருக்கும் ஓஆர்6ஏ2 என்ற மரபணு தரும் ஏற்பி, ஆல்டிஹைடு என்ற சேர்மங்களைப் பிடிப்பதில் கெட்டி. தழையின் மணத்துக்குக் காரணமே அவைதான். சோப்பிலும் அதே குடும்பத்துச் சேர்மங்கள் உண்டு. 2012இல் ஐரோப்பிய வம்சாவளியினர் சுமார் 26,000 பேரை வைத்து நடந்த ஆய்வில், சோப்பு வாடை அடிப்பதாகச் சொன்னவர்களைத் தேடிப்போனபோது இந்த மரபணு மீதுதான் சந்தேகம் விழுந்தது. ஆனாலும் மொத்தப் பழியையும் அதன் மீது போட முடியாது. பரம்பரையின் பங்கு இதில் சிறிதுதான், பழக்கமும் சேர்ந்துகொள்கிறது.

சரி, சமையலுக்கு வருவோம். தழையை மையாக அரைத்தால் ஆல்டிஹைடுகள் சிதைந்து வாடை குறையும். அண்ணன் சட்னியாக அரைத்தால் மட்டும் தொடுவார். மல்லி விதையின் மணம் வேறு சேர்மத்தால் வருவது. அதனால் சாம்பார் பொடியை உங்கள் கணவர் பெயரைச் சொல்லி மாற்ற வேண்டாம்.