மடியில் பூனை இருக்கட்டும், கீரைப்பாத்தியைக் கவனியுங்கள்

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். எங்கள் பூனை மீனு வெளியே சுற்றும் பூனை. எலி, அணில், ஓணான் என்று எதையாவது கவ்விவந்து, கீரைப்பாத்தியைத் தாண்டி, கொல்லை வாசற்படியில் போடுகிறது. போன வாரம் பாதி தின்ற அணிலை நான்தான் எடுத்துப் போட்டேன். "பூனை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, எங்காவது விட்டுவிடு" என்கிறார் மாமியார். நான்கு வருடம் வளர்த்ததை எப்படி விடுவது?

பதில்: சகோதரி, மீனுவை எங்கும் கொண்டுபோய் விடவேண்டாம். ஆனால் மாமியாரின் பயத்தையும் தள்ளிவிடாதீர்கள். அவர் பயப்படும் நோய் இருக்கத்தான் செய்கிறது. அது எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொண்டால் அடைத்துவிடலாம்.

டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி எலி, குருவி போன்றவற்றின் சதைக்குள் தங்கியிருக்கும். அவற்றைத் தின்ற பூனையின் குடலில் பெருகி, சில நாட்களில் மலத்தோடு முட்டைகளாக வெளியே வரும். ஒன்று முதல் மூன்று வாரம் இப்படி வந்துவிட்டு, பெரும்பாலும் நின்றுபோகும். வெளியே வந்த கையோடு அந்த முட்டை யாரையும் தொற்றாது. முதிர ஒரு நாள் முதல் ஐந்து நாள் ஆகும். முதிர்ந்துவிட்டால் ஈர மண்ணில் ஒரு வருடத்துக்கு மேல்கூட உயிரோடு கிடக்கும்.

இப்போது உங்கள் கொல்லையை நினைத்துப் பாருங்கள். பூனை எங்கே குழி பறிக்கும்? கொத்திவிட்டுப் பொலபொலவென்று கிடக்கும் மண்ணில். அதாவது, அம்மாவின் கீரைப்பாத்தியில். மீனு உங்கள் மடியில் படுத்திருப்பதைவிட, அந்த மண்ணை வெறுங்கையால் கிளறுவதும் கீரையைச் சரியாக அலசாமல் விடுவதும்தான் எனக்குக் கவலை. கர்ப்ப காலத்தில் முதன்முறையாக இந்தத் தொற்று வந்தால் குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். முன்பே வந்துபோயிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். அரைவேக்காட்டு இறைச்சி வழியாகவும் இது வரும் என்பதால் கறியை நன்றாக வேகவையுங்கள்.

பாத்திமேல் வலை போடுங்கள், அல்லது முள் கிளைகளைப் பரப்புங்கள். வீட்டுக்குள் ஒரு தட்டில் மணல் வைத்து மீனுவைப் பழக்குங்கள். அந்தத் தட்டை நீங்கள் தொடவேண்டாம். வேறு யாராவது தினமும் தவறாமல் சுத்தம் செய்யட்டும். முட்டை முதிர்வதற்குள் அப்புறப்படுத்திவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

இதைவிட என்னைப் பயமுறுத்துவது வெறிநோய் (ரேபிஸ்). பூனைக்கும் அது வரும். நாயிடமோ கீரியிடமோ கடிபட்டு வந்தால் போதும். அறிகுறி தெரிந்த பிறகு பூனையையும் காப்பாற்ற முடியாது, மனிதரையும் காப்பாற்ற முடியாது. மீனுவுக்கு வருடந்தோறும் தடுப்பூசி போடுகிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். அங்கே மனிதர்களுக்குப் போடும் வெறிநோய்த் தடுப்பூசியைக் கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் பக்கம் வயலில் எலிக்கு மருந்து வைப்பார்கள். மருந்து தின்று தள்ளாடும் எலிதான் பூனைக்குச் சுலபமாக அகப்படும். ஒருமுறை ஒரு தாய்ப்பூனையைத் துண்டில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார்கள். உதட்டை விலக்கிப் பார்த்தேன். ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, பல்லோரம் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ரத்தத்தை உறையவிடாத வகை மருந்து. வைட்டமின் கே ஊசி போட்டுப் பிழைக்கவைத்தோம். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது. மீனு சுருண்டு படுத்தாலோ ஈறு வெளுத்தாலோ காத்திருக்காதீர்கள்.

வாலடியில் அரிசி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. எலியின் ஈரலிலிருந்தும் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது குடற்புழு மாத்திரை கொடுங்கள். செத்த பறவையைத் தின்னவிடாதீர்கள். 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் வீட்டுப் பூனைகளிடமே பறவைக் காய்ச்சல் கிருமி கண்டறியப்பட்டது.

மீனுவுக்கு என்ன சாப்பாடு என்று எழுதவில்லை. பால்சோறும் தயிர்சாதமும்தான் என்றால், வேகவைத்த மீனோ கோழியோ சேர்த்துக் கொடுங்கள். 2021இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வில், இறைச்சிப் புரதம் நிறைந்த தீனி தின்ற பூனைகள் வீட்டுக்குக் கவ்விவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து, பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியதில் 25 சதவீதம் குறைந்தது. ஒரு கயிற்று நுனியில் துணியைக் கட்டி இழுத்தாலே போதும். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் அழைத்து, விடியும்வரை கதவைச் சாத்திவையுங்கள். முதல் சில நாள் கத்தும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி வாசற்படியில் அணில் கிடந்தால் நீங்கள் எடுக்காதீர்கள். அம்மாவைக் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்துவிட்டு, படியை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவட்டும். குழி கீரைப்பாத்தியிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.