வாசகர் கேள்விகள்: பாடம் முடிந்தது, பிள்ளைக்கு வந்ததா?

கேள்வி: என் மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான். கழித்தல் கணக்கு இன்னும் அவனுக்கு வரவில்லை. வகுப்பாசிரியரிடம் கேட்டால், பாடங்களையெல்லாம் நடத்தி முடித்துவிட்டதாகவே சொல்கிறார். அதற்கு மேல் பள்ளியிடம் கேட்க எனக்கு உரிமை உண்டா?
(ஒரு தாய், விருத்தாசலம்)

பதில்: உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆசிரியரின் கடமைகளை வரிசையாகக் கூறுகிறது. குறித்த காலத்துக்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிப்பது அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவையானால் கூடுதலாகக் கற்பிப்பது அதற்கு அடுத்தபடியாகவே சொல்லப்படும் கடமை. பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் முன்னேற்றத்தைத் தெரிவிப்பதும் அதே பட்டியலில் உள்ளது. முதல் கடமை நிறைவேறியதா என்று பார்ப்பது எளிது. பாடக்குறிப்பேட்டில் தேதியும் கையெழுத்தும் இருந்தால் போதும். இரண்டாவதைப் பார்க்க வேண்டுமானால் பிள்ளைகளின் நோட்டுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஆய்வுக்கு வருபவருக்கும் நேரமிருப்பதில்லை, தலைமையாசிரியருக்கும் நேரமிருப்பதில்லை என்பதால், 'போர்ஷன் முடிந்தது' என்ற சொல்லே பாடம் பிள்ளைக்கு வந்துவிட்டது என்ற பொருளில் புழங்கத் தொடங்கிவிட்டது.

உங்கள் மகனிடம் 52இலிருந்து 28ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். 36 என்று எழுதினால், அது கவனக்குறைவால் வந்த பிழையன்று. 2இலிருந்து 8 போகாது என்பதால் 8இலிருந்து 2ஐக் கழித்து 6 என்றும், 5இலிருந்து 2ஐக் கழித்து 3 என்றும் எழுதியிருக்கிறான். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று எப்போதோ கேட்டதை ஒவ்வோர் இலக்கத்துக்கும் விசுவாசமாகப் பின்பற்றுகிறான். இந்தப் பிள்ளைக்கு இன்னும் இருபது கணக்குகள் கொடுத்தால், இருபதையும் அதே முறையில் தவறாகச் செய்து, தவறிலேயே தேர்ச்சி பெறுவான். ஒரு பத்தைப் பிரித்தால் பத்து ஒன்றுகள் கிடைக்கும் என்பதைத் தீக்குச்சிக் கட்டுகளை வைத்துச் சில நாள் செய்து காட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எனவே, ஆசிரியரிடம் 'நடத்தினீர்களா' என்று கேட்பதைவிட, 'எந்தப் படியில் அவன் தடுமாறுகிறான், அதற்கு என்ன செய்யலாம்' என்று கேளுங்கள். முதல் கேள்வி அவரைத் தற்காப்புக்குத் தள்ளும். இரண்டாவது அவரை நோட்டைத் திறக்க வைக்கும்.

கேள்வி: என் வகுப்பில் 43 மாணவர்கள். கடைசிப் பிள்ளைக்கும் புரியும்வரை நின்றால் அரையாண்டுத் தேர்வுக்குள் பாடம் முடியாது. யாரிடம் பதில் சொல்வது?
(ஓர் ஆசிரியர், அருப்புக்கோட்டை)

பதில்: உங்கள் தவிப்பு நியாயமானது. ஆனால் எல்லாப் பாடத்துக்கும் நிற்க வேண்டியதில்லை. இடமதிப்பு, பின்னம், பத்தியைப் படித்துப் பொருள் கொள்ளுதல் போன்று, அடுத்த பாடங்கள் எவற்றின் மீது நிற்கின்றனவோ அங்கு நின்றால் போதும். 'புரிந்ததா?' என்று கேட்டு, 'புரிந்தது சார்' என்ற கூட்டுக்குரலை நம்புவதையும் விட்டுவிடலாம். புரியாத பிள்ளைதான் அதில் உரக்கக் கத்தும். பாடவேளை முடியும் முன் ஒரே ஒரு கணக்கைத் துண்டுத்தாளில் செய்யச் சொல்லி வாங்கி, ஒரே வகைப் பிழைகளைச் சேர்த்து அடுக்கிப் பாருங்கள். மறுநாள் யாரை அருகில் அழைத்து உட்கார வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மற்றபடி, இது தனியொரு ஆசிரியரால் தீரும் காரியமன்று. ஆசிரியர் கூட்டத்தில் 'எத்தனை பாடம் முடிந்தது' என்று கேட்கும் தலைமையாசிரியர், 'எதில் எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள்' என்று கேட்கத் தொடங்கும்வரை, உங்களைப் போன்றவர்கள் எதிர்நீச்சல்தான் போட வேண்டியிருக்கும்.

கேள்வி: முன்பு செயல்வழிக் கற்றல், இப்போது எண்ணும் எழுத்தும். பெயர்தான் மாறுகிறதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, பழனி)

பதில்: பாதி உண்மை. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவியது. வகுப்பு முழுவதும் ஒரே பக்கத்தில் நிற்காமல், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் செயல்பாட்டு அட்டைகளை முடித்து, படிவரிசையான கற்றல் ஏணியில் ஏறலாம் என்பது அருமையான எண்ணம். பல இடங்களில் அது அட்டையை முடிப்பதாகச் சுருங்கியது. பழைய போர்ஷன் அட்டை வடிவில் திரும்பி வந்தது என்றே சொல்வேன். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பை ஈடுசெய்ய, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. பிரித்தது சரி. ஜூனில் அரும்பில் இருந்த பிள்ளை டிசம்பரில் எங்கே இருக்கிறது என்பதைத்தான் நீங்களும் நானும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கைப்பேசிச் செயலியில் பதிவேற்றிய விவரம் அதற்கு விடையாகாது. அந்தப் பிள்ளையை அருகே அழைத்து, இதுவரை பார்த்திராத ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.