அடி வாங்குனாதான் வயலின் வருமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க கோத்தகிரி பக்கம். வீட்டுக்காரர் பச்சத்தேயில லாரி ஓட்டுறார், நான் வீட்லயே தையல். பொண்ணு பத்தாவது படிக்கிறா, எட்டு வயசுல இருந்து வயலின், ஸ்கூல் கலைத் திருவிழால மாவட்ட அளவுல பரிசு வாங்கியிருக்கா. சார் குன்னூர்ல இருக்கார், பெரிய வித்வான், இந்த மலைல அவர் அளவுக்கு சொல்லிக் குடுக்க வேற ஆள் இல்ல. ஆனா தப்பு வந்தா வில்லாலயே விரல் மொட்டில அடிக்கிறார், வர்ணம்னு ஒரு பெரிய பயிற்சி உருப்படி, அது ரெண்டாங்காலம் (ரெட்டை வேகம்) சுத்தமா வர்ற வரைக்கும் சாப்பிடக் கூடாதுன்னு உக்கார வைக்கிறார், மூட்ட தூக்குற வீட்ல பொறந்தவளுக்கு கமகம் (ஸ்வரத்த அசைச்சு வாசிக்கறது) எங்க வரும்னு மத்த பிள்ளைங்க முன்னாடியே சொல்றார். கோயமுத்தூர் மில்லுக்காரர் பொண்ணு ஒண்ணு லீவுக்கு வந்து அவர்கிட்டயே கத்துக்குது, அதுக்கு ஒரு சத்தம் கிடையாது. மூணு வருஷத்துல மெட்ராஸ் டிசம்பர் கச்சேரி சீசன்ல மேடை ஏத்திடுறேன், பத்தாவதோட படிப்ப நிறுத்துங்கறார். வீட்டுக்காரர் அடியாத மாடு படியாதுங்கறார். பொண்ணு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா, ஆனா ராத்திரி தூங்கறதில்ல, முடி கொத்து கொத்தா கொட்டுது. நிறுத்துனா ஏழு வருஷ உழைப்பு போயிடுமேன்னு பயமா இருக்கு. (பெயர் வேண்டாம்)

பதில்: அம்மா, உங்க லெட்டர்ல பாதி பதில் நீங்களே எழுதிட்டீங்க, அந்த மில்லுக்காரர் பொண்ணு பத்தி எழுதுனீங்க பாருங்க, அதுதான். அடிச்சாதான் வயலின் வரும்னு அந்த சார் நெசமாவே நம்புனார்னா அந்தப் பொண்ணையும் அடிச்சிருக்கணும்ல. அதுக்கும் அதே தந்தி, அதே வில்லு, அதே பைரவி ராகம். அங்க மட்டும் கை ஏன் எந்திரிக்கல? ஏன்னா அந்தப் பொண்ணு அழுதுகிட்டு வெளிய வந்தா வாசல்ல கார் நிக்குது, நாளைக்கே வேற வாத்தியார் வந்துடுவார். உங்க பொண்ணுக்கு வேற போக்கிடம் இல்லன்னு அவருக்கு நல்லா தெரியும். எந்திரிச்சு போக முடியாதவங்க மேலதான் கை நீளுது, அதுக்கும் சங்கீதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

இது இன்னைக்கு நேத்து கதையும் இல்ல. வடக்க மைஹர்ல அலாவுதீன் கான்னு பெரிய சரோட் மேதை இருந்தார், 1938ல சிதார் ரவிசங்கர் அவர்கிட்ட கத்துக்கப் போய் சேர்ந்தார். ஒரு நாள் மணிக்கட்டுல பலமே இல்லன்னு கையில தட்டி, போய் வளையல் வாங்கிப் போட்டுக்கோன்னு சொல்லிட்டார், அவ்வளவுதான், ரவிசங்கர் பெட்டிய கட்டிட்டார். அப்ப அலாவுதீன் கானோட சொந்த மகன் அலி அக்பர் வந்து ஆச்சரியப்பட்டு சொன்னாராம், உன் ஒருத்தன் மேலதான் அவர் கை ஓங்குனதே இல்ல, என்னைய ஒரு வாரம் தினமும் மரத்துல கட்டி வச்சு அடிச்சிருக்கார், சோறு கூட போடலன்னு. ரவிசங்கரே எழுதி வச்ச விஷயம் இது. அப்புறம் குருவே ரவிசங்கர சமாதானப்படுத்தி போக விடாம நிறுத்திக்கிட்டார். ரவிசங்கர் அதுக்கு முன்னாடியே அண்ணன் உதய்சங்கர் டான்ஸ் குழுவோட ஐரோப்பா எல்லாம் சுத்தினவர், போறேன்னா போயிடுவார். மகன் எங்க போவான்? ரெண்டு பேரும் உலகமே கொண்டாடுற கலைஞர் ஆனாங்க, ஒருத்தர் கட்டி வச்சு அடி வாங்கி, ஒருத்தர் அடி வாங்காம. அப்ப அந்த அடி எதுக்கு உதவுச்சுன்னு உங்க வீட்டுக்காரர்கிட்டயே கேளுங்க.

கையில என்ன ஆகுதுன்னும் சொல்லிடறேன், வயலின்காரங்க வீட்ல இது தெரிஞ்சிருக்கணும். பயம் வந்தா முதல்ல தோள் மேல ஏறும், அப்புறம் வில்லு புடிக்கிற கட்டவிரல் இறுகும், இறுகுனா நீளமா ஒரு வில்லு இழுக்கறப்ப நடுங்கும், நாதம் உடையும். நம்ம பாணில கீழ உக்காந்து வயலின் தலைய வலது கணுக்கால்ல வச்சுக்கறதே இடது கை வாத்தியத்த தாங்க வேண்டிய வேலை இல்லாம தந்தி மேல சறுக்கி போய் வரணும்னுதான். இறுகுன கை சறுக்காது, தாவும். பைரவில ஒரு ஸ்வரத்த அசைக்கச் சொன்னா அசையாது, உதறும். ஆக அடிக்க அடிக்க எந்த கமகம் வரலன்னு அவர் கத்துறாரோ அந்த கமகத்தையேதான் அவர் கெடுக்கறார். வெறும் அறிவுரையா இத நெனைக்காதீங்க, அடுத்த தடவ அவர் ரூம்ல இல்லாதப்ப பொண்ண வாசிக்கச் சொல்லிட்டு தோள மட்டும் பாருங்க.

இன்னொண்ணு தூக்கம். 1993ல எரிக்சன்னு ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளரும் அவர் கூட இருந்தவங்களும் பெர்லின் மியூசிக் அகாடமில வயலின் படிக்கிறவங்கள பத்தி எழுதுனாங்க. ஆளாளுக்கு பத்தாயிரம் மணி நேரம்னு சொல்றாங்கள்ல, அந்தப் பேச்சு கெளம்புனது அங்க இருந்துதான். ஆனா அதுல யாரும் சொல்லாத பாதி ஒண்ணு இருக்கு. அங்க நல்லா வாசிச்சவங்க நாளெல்லாம் மாட்ட ஓட்டுற மாதிரி ஓட்டல, ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வாசிச்சிட்டு நிறுத்தி நிறுத்தி மொத்தமா ஒரு நாளைக்கு சுமார் மூன்றரை மணி நேரம் சாதகம் (பயிற்சி), மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம், ராத்திரியும் சுமாரா வாசிச்சவங்கள விட அதிகமா தூங்கியிருக்காங்க. பட்டினி போட்டு தூக்கத்த கெடுத்தா கத்துக்கிட்டது நெலைக்கறதுக்கே வழி இல்லாம போகுது.

இப்ப செய்ய வேண்டியது. முதல்ல இந்த வாரம் கிளாசுக்கு அனுப்பாதீங்க, பரீட்சைன்னு சொல்லிக்கங்க, பொய்யா இருந்தா இருந்துட்டு போகட்டும். பொண்ணுகிட்ட பேசறப்ப வயலின நிறுத்தற பேச்ச எடுக்காதீங்க, வயலின் வேணுமா வேண்டாமாங்கற முடிவையும் இதையும் ஒண்ணா முடிச்சு போடாதீங்க, ஏன்னா இவ்வளவு நாள் அவ வாய் தெறக்காததுக்கு காரணமே சொன்னா வயலின் போயிடும்னுதான் இருக்கும். உன் கூட நான் இருக்கேன், வயலின் எப்படியும் உனக்குத்தான்னு சொல்லிட்டு கேளுங்க. அடி தவிர வேற எதுவும் நடந்துச்சான்னும் மெதுவா கேளுங்க, கேக்க சங்கடமாத்தான் இருக்கும், கேட்டே ஆகணும். அப்படி எதாச்சும் இருந்தா அது போக்சோ சட்டம், குழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்குன்னு 2012ல வந்தது, தெரிஞ்சவங்க சொல்லியே ஆகணும். அடியும் பட்டினியும் மட்டும்னாலும் 2015 சிறார் நீதிச் சட்டத்துல 75ஆவது பிரிவு இருக்கு, தன் பொறுப்புல இருக்கற குழந்தைய துன்புறுத்துனா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் அபராதம், இல்ல ரெண்டும். குழந்தைகள் உதவி நம்பர் 1098க்கு எந்நேரமும் கூப்பிடலாம். தூக்கம் இல்லாததுக்கும் முடி கொட்டுறதுக்கும் ஜிஎச்ல காட்டி சீட்டு வாங்கி வைங்க, விரல்ல தழும்பு இருந்தா போட்டோ எடுத்து வைங்க. டெலிமானஸ்னு மனநல உதவி போன் இருக்கு, 14416ல தமிழ்லயே பேசுவாங்க, பொண்ணுக்கு மட்டும் இல்ல, நீங்களும் பேசலாம்.

அந்த சார்கிட்ட தனியா போய் சண்ட போடாதீங்க. குருத்துரோகம்பார், நான் போட்ட பிச்சைம்பார், ஊர் பூரா சொல்லுவார், சின்ன ஊரு, பஸ் ஸ்டாண்டுல எல்லாருக்கும் எல்லாரும் தெரியும். சொல்லட்டும். பெரிய வித்வான் மேல சொன்னா யார் நம்புவாங்கன்னு பயப்படற காலமும் கொஞ்சம் மாறியிருக்கு, 2018ல பாலியல் புகார் வந்தப்ப மெட்ராஸ் மியூசிக் அகாடமியே டிசம்பர் சீசன் லிஸ்ட்ல இருந்து ஏழு பேர எடுத்துச்சு, 2023ல சென்னை கலாக்ஷேத்ரா நடனக் கல்லூரில மாணவிங்க போராடி ஒரு ஆசிரியர் கைதும் ஆனார். உங்க விஷயம் வேற, ஆனா கச்சேரி உலகத்துல பேச்சே எடுபடாதுங்கறது பழைய நெனப்பு.

வேற வாத்தியார்? மலை மேல இல்லன்னா கீழ இருக்காங்க. கோயமுத்தூர்ல அரசு இசைக் கல்லூரி இருக்கு, அங்க வயலின் சொல்லிக் குடுக்கறவங்க, படிச்சு முடிச்சவங்கன்னு விசாரிச்சா வாரம் ஒரு நாள் சொல்லிக் குடுக்க ஆள் கெடைக்கும். மேட்டுப்பாளையம் வழியா போய் வர ஒரு நாளே போயிடும், மழக்காலத்துல மண் சரிஞ்சு ரோடு அடைச்சா அந்த வாரம் அம்பேல். அதனால ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா நேர்ல, நடுவுல ஆன்லைன். ஆன்லைன்ல சேந்து வாசிக்க முடியாது, சத்தம் பின்தங்கி வரும், ஆனா வர்ணம் தாண்டுன பொண்ணு வாசிச்சு காட்டி திருத்திக்கலாம். (கோயமுத்தூர்ல சேத்த சுருதி கோத்தகிரி குளிருக்கு நிக்காது, திரும்ப சேக்கணும், அந்தப் பொறுமையும் சேத்தே கத்துக்குவா.) பத்தாவதோட நிறுத்தறது மட்டும் வேண்டவே வேண்டாம். படிப்பு இருந்தா நாளைக்கு எந்த வாத்தியார்கிட்ட இருந்தும் எந்திரிச்சு வரலாம். 18 வயசுக்கு மேல மத்திய கலாச்சார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு மாசம் 5000 ரூபா வீதம் ரெண்டு வருஷம் உதவித்தொகை தருது, அதுக்கு அஞ்சு வருஷம் பயிற்சி எடுத்ததா குருவோட சான்று கேப்பாங்க. கையெழுத்து போட மாட்டேன்னு இவர் மெரட்டுனா மெரண்டுடாதீங்க, 18 ஆகறதுக்குள்ள புது வாத்தியார்கிட்டயே கணிசமா வருஷம் சேந்துடும்.

கேள்வி: கொடைக்கானல் பெருமாள்மலைல இருந்து எழுதறேன். பதினோரு வயசுல பழனில ஒரு மிருதங்க வித்வான் வீட்ல விட்டுட்டாங்க. வீட்டு வேலை, கால் அமுக்கறது, அடி எல்லாம் உண்டு. இன்னைக்கு என் வாசிப்ப நாலு பேர் மதிக்கறாங்க, அது அவர் போட்டதுதான். ஆனா தனி ஆவர்த்தனம் (கச்சேரில மிருதங்கத்துக்குன்னு விடற நேரம்) வந்தாலே உள்ளங்கை வேர்க்குது, எவ்வளவு கைதட்டுனாலும் காதுல அவர் திட்டறதுதான் கேக்குது. இப்ப அவருக்கு சதாபிஷேகம், சிஷ்யர்னு என்னை மேடைல பேசக் கூப்பிடறாங்க. போகவா?

பதில்: தம்பி, அவர் போட்டதுதான்னு எழுதியிருக்கீங்க. அவர் மிருதங்கச் சொல்லு போட்டார், தாளக் கணக்கு போட்டார், அதுக்கு நன்றி சொல்லுங்க, தப்பே இல்ல. அடியும் சேந்துதான் உங்கள ஆளாக்குச்சுன்னு மட்டும் மேடைல சொல்லிடாதீங்க, ஏன்னா முன் வரிசைல எவனாச்சும் ஒரு அப்பா உக்காந்து தலையாட்டிகிட்டே கேட்டுகிட்டு இருப்பான். உங்க கூட அந்த வீட்ல இன்னும் எத்தன பசங்க இருந்தாங்க, அவங்க எல்லாம் இப்ப எங்க? ஒருத்தன் ஓடிப் போயிருப்பான், ஒருத்தன் மிருதங்கத்த கையால தொடாம மளிகைக் கடை வச்சிருப்பான். அவங்கள சதாபிஷேகத்துக்கு யாரும் கூப்பிடறதில்ல, அதனாலதான் அடி வாங்குனவன் எல்லாம் வித்வான் ஆன மாதிரி நமக்கு தெரியுது.

போகணுமா வேண்டாமாங்கறத உங்க தூக்கம் சொல்லும். நெனச்சாலே ரெண்டு நாள் சோறு எறங்கலன்னா ஒரு பழத்தட்டும் வேட்டி துண்டும் அனுப்பி வச்சா போதும், யாரும் குறை சொல்ல முடியாது. போறதா இருந்தா பேசாதீங்க, வாசிச்சிட்டு வந்துடுங்க. ஒரே நெஞ்சுல நன்றியும் கோவமும் இருக்கறது ஒண்ணும் குத்தம் இல்ல, வயசான அப்பன் மேல பாதிப் பேருக்கு அப்படித்தான். வேர்க்கறதுக்கும் அந்தக் குரலுக்கும் மட்டும் ஒரு மனநல டாக்டர பாருங்க, வித்வான்கள் நெறய பேருக்கு மேடை பயம் உண்டு, வைத்தியமும் உண்டு. சபைல வாசிக்கறதுக்கு நடுவுல, யாருக்காகவும் இல்லாம வீட்ல சும்மா பத்து நிமிஷம் வாசிச்சு பாருங்களேன், தப்பு வந்தா வரட்டும்.

கேள்வி: நான் ஊட்டில பாட்டு டீச்சர். இப்பல்லாம் ஒரு வார்த்த சொன்னாலே பிள்ளைங்க அழுதுடுதுங்க, பெத்தவங்க சண்டைக்கு வந்துடறாங்க. கண்டிப்பே இல்லாம எப்படி மேடம் தேற வைக்கறது?

பதில்: கண்டிப்பா இருங்க, யார் வேண்டாம்னா? காந்தாரம் ('க' ஸ்வரம்) எறங்குது, திரும்பப் பாடுன்னு நூறு தடவ சொல்லுங்க, நூத்தியோராவது தடவையும் சொல்லுங்க, சும்மா பாராட்டுனா பிள்ளைக்கே தெரிஞ்சுடும். ஆனா காந்தாரத்த பத்தி பேசுங்க, அவ அப்பன் தொழில பத்தி, நெறத்த பத்தி, மூளைய பத்தி பேசாதீங்க. பாட்டு வரில ஒரு சங்கதி (மாத்திப் பாடற நெளிவு) வரலன்னா சத்தத்த ஏத்தாம காலப்பிரமாணத்த, அதாவது வேகத்த, கொறைங்க, அத மூணு துண்டா வெட்டிக் குடுங்க. கதவ தெறந்து வைங்க, எந்த அம்மா வேணா உள்ள வந்து உக்காரட்டும். பெஞ்சமின் ப்ளூம்னு ஒருத்தர் தலைமைல பியானோ, நீச்சல், கணக்குன்னு பல துறைல உச்சிக்கு போன 120 பேர ஆராய்ச்சி பண்ணி 1985ல வெளியிட்டாங்க, அதுல பியானோகாரங்க தங்களோட முதல் டீச்சர பத்தி சொன்னது பெரும்பாலும் ரொம்ப அன்பானவங்கன்னுதான், மேதைன்னு இல்ல. பிடிச்சுப் போச்சுன்னா பிள்ளைங்க தானா ஒக்காந்து சாதகம் பண்ணுதுங்க, கறாரான குரு அதுக்கப்புறம் வந்தா போதும்.

கேள்வி: மூணு வருஷமா என் பையன் கீபோர்ட் கிளாஸ் போறான். சார் தங்கமானவர், டீ பன்னு எல்லாம் வாங்கித் தர்றார். ஆனா இன்னும் ஆரம்பப் பாடமான சரளி வரிசையே தாண்டல. (குன்னூர் வாசகி)

பதில்: தங்கமானவர்தான், சொல்லிக் குடுக்கறாரான்னு பாருங்க. மூணு வருஷம் சரளி வரிசைன்னா ஒண்ணு பையன் வீட்ல கீபோர்ட தொறக்கறதே இல்ல, இல்ல சாருக்கு அதுக்கு மேல தெரியாது. ஒரு மாசம் தினமும் அரை மணி நேரம் பக்கத்துல உக்காந்து வாசிக்க வைங்க. அப்பவும் நகரலைன்னா சாருக்கு நன்றி சொல்லிட்டு ஆள மாத்துங்க. பன்னு நீங்களே வாங்கிக் குடுங்க.