அப்பாவுக்கு முதுகு வலிக்கு டிரமடால் எழுதிக் குடுத்திருக்காங்க, சாப்பிட்டவங்க அனுபவம் சொல்லுங்க, பயமா இருக்கு

நான் ரெண்டு மாசம் சாப்பிட்டிருக்கேன். நான் டாக்டர் இல்ல, எனக்கு நடந்ததத்தான் சொல்றேன், அதனால கமெண்ட்ல யாரும் சண்டைக்கு வராதீங்க.

எனக்கு கீழ் முதுகுல எல்4-எல்5 எலும்புக்கு நடுவுல இருக்குற டிஸ்க் பிதுங்கி நரம்ப அழுத்திருச்சு. இடுப்புல ஆரம்பிச்சு குதிகால் வரைக்கும் சுளீர்னு இழுக்கும், தும்முனா உயிரே போகும், பாத்ரூம்ல உக்காந்து எந்திரிக்க என் பொண்ணு கையப் பிடிக்கணும், அவளுக்கு அப்ப 9 வயசு. சாதா வலி மாத்திரை எதுக்கும் கேக்கல. அப்புறம்தான் டிரமடால் (அபின் மாதிரி வேலை செய்யுற வலி மருந்து) 37.5 மில்லிகிராம், பாரசிட்டமால் 325 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரை, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. மூணு வாரம் கழிச்சு அன்னைக்குத்தான் அஞ்சு மணி நேரம் சேந்தாப்ல தூங்குனேன். அதனால இந்த மாத்திரைய விஷம்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும். 2018-ல இத போதைப்பொருள் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, சரி, ஆனா சீட்டோட போன என்னையும் கடைக்காரர் ஏற இறங்கப் பாத்தாரு, அது இன்னும் மனசுல இருக்கு.

மொத நாள் தலை சுத்தி குடிச்ச காபி அப்படியே வெளிய வந்துருச்சு. வாந்தி நாலஞ்சு நாள்ல அடங்கிருச்சு, மலச்சிக்கல்தான் கடைசி வரைக்கும் விடல. முக்குனா கால் நரம்பு இழுக்கும், முக்கலைன்னா வயிறு கல்லு மாதிரி. கொய்யாப்பழத்துக்கெல்லாம் அது அசையாது, மலத்த இளக்குற லாக்டுலோஸ் சிரப் குடுத்தப்புறம்தான் போச்சு. மாத்திரை ஆரம்பிக்கும்போதே டாக்டர்கிட்ட இதக் கேட்டு வச்சுக்கங்க.

இப்ப வெளிய சொல்லாத விஷயம். நான் அப்ப மனச்சோர்வுக்கு எஸ்சிட்டாலோப்ராமும் சாப்பிட்டுட்டு இருந்தேன். எலும்பு டாக்டர் வேற மாத்திரை இருக்கான்னு கேட்டாரு, இல்லைன்னுட்டேன், ஏன்னா பக்கத்துல நாத்தனார் நின்னாங்க. ஏழாவது வாரம் வலி கூடி 50 மில்லிகிராம் கேப்ஸ்யூல் மூணு வேளைன்னு ஏத்துனாரு. மூணாவது நாள் ராத்திரி கை நடுங்குது, நைட்டி நனையுற அளவுக்கு வேர்வை, நெஞ்சு படபடங்குது, கால் தானா வெட்டி வெட்டி இழுக்குது. எமர்ஜென்சில என்ன மாத்திரைன்னு கேட்டா, மெடிக்கல்ல அட்டைய வெட்டி பேர் இல்லாத துண்டாக் குடுத்திருக்காங்க! அந்த நேரத்துல வீட்டுக்காரர் அந்தத் துண்டுகளத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு நின்னாரு. கடைசில நானே எல்லார் முன்னாடியும் சொன்னேன். ரெண்டு மருந்துமே மூளைல செரடோனின்ங்கிற ரசாயனத்த ஏத்தும், சேந்தா ஆபத்து, வலிப்பு கூட வரலாம்னு டூட்டி டாக்டர் சொன்னாங்க, பொறுமையான பொண்ணு, திட்டவே இல்ல.

டிரமடால அன்னைக்கே நிறுத்திட்டாங்க. அடுத்த நாலு நாள் கொட்டாவி, மூக்கொழுகல், உடம்பு முறுக்கல், தூக்கமே இல்ல, சளிக்காய்ச்சல்னு நெனச்சேன், பழகுன மருந்து திடீர்னு நின்னதால வந்ததாம். எனக்கு நிறுத்த வேண்டிய கட்டாயம், அப்பாவுக்கு வலி குறைஞ்சுதுன்னு நீங்களா நிறுத்திராதீங்க, டாக்டர்கிட்ட கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க.

இன்னொண்ணு, முதுகு வலிக்காரங்க வர்ற கிளினிக்ல ஏன் இரும்புச் சேர் போடுறாங்க? ரெண்டு மணி நேரம் அதுல உக்கார முடியாம செவத்தோரமா நின்னே இருந்தேன், படுக்க ஒரு பெஞ்ச் போடக் கூடாதா.

அப்பா வேற என்ன மாத்திரை சாப்பிடுறாருன்னு நீங்க எழுதவே இல்லையே? தூக்க மாத்திரை, மனசுக்கு, வலிப்புக்கு ஏதாவது? அவர்கிட்ட தனியா கேளுங்க, யாரும் பக்கத்துல இல்லாதப்ப.