பாட்டி ஏன் கையை இழுத்துக்கொண்டார்?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 34. பள்ளி ஆசிரியை. எங்கள் சபையிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஒரு தொழுநோய் இல்லத்துக்குப் போவோம். பிரியாணிப் பொட்டலம், போர்வை, பாட்டு, ஜெபம், அப்புறம் குரூப் போட்டோ. அங்கே ஒரு பாட்டி. நோய் குணமாகி முப்பது வருஷம் ஆகிறது. விரல்கள் மட்டும் மடங்கியே இருக்கின்றன. போன மாதம் ஜெபம் பண்ணும்போது அவர் கையைப் பிடித்தேன். வெடுக்கென்று சேலைக்குள் இழுத்துக்கொண்டு, "தொடாத கண்ணு, ஆண்டவரே வேண்டாம்னு விட்ட கை இது" என்றார். "கர்த்தர் உங்களை நேசிக்கிறார் பாட்டி" என்றேன். "நல்லா இரு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மூன்று வருஷமாகப் போகிறேன். என் ஊழியத்தில் அன்பு இல்லையா?

பெயர் வேண்டாம், தூத்துக்குடி

அன்புச் சகோதரிக்கு,

அன்பு இல்லாவிட்டால் இந்தக் கடிதமே வந்திருக்காது. அந்தக் கவலையை விடுங்கள்.

பாட்டியின் கையைக் கொஞ்சம் யோசியுங்கள். தொழுநோய் நரம்பைத்தான் தின்கிறது. நீங்கள் பிடித்தது அநேகமாக அவருக்கு உணர்ச்சியில் தெரிந்தேயிருக்காது. கண்ணால் பார்த்துத்தான் இழுத்திருப்பார். கூட்டு மருந்து கிருமியை ஒழித்துவிடும். தனித்தட்டும், கல்யாண வீட்டில் விட்டுப்போன அழைப்பும் மனசில் ஏற்றியதை எந்த மாத்திரை இறக்கும்? கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலேயே 2019 வரை தொழுநோய் ஒரு காரணமாக இருந்தது. ஊர் சொன்னதை அவர் இப்போது தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறார். அதற்கு எதிராக ஒரு வசனம் சொன்னால், "நல்லா இரு" என்றுதான் பதில் வரும்.

வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் மடங்கிய விரல்களை அறுவைசிகிச்சையால் நிமிர்த்தினார். சிலர் திரும்பி வந்து குறைப்பட்டார்களாம்: இந்தக் கையை நீட்டினால் யாரும் பிச்சை போடுவதில்லை என்று. கை சரியானது போதவில்லை, அந்தக் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. மர பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள்.

உங்கள் குழு மூன்று வருஷமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பாட்டியிடம் எதையாவது கேட்டிருக்கிறீர்களா? வாங்கிக்கொண்டே இருப்பவருக்குத் தன்னிடம் ஒன்றுமில்லை என்பது மட்டும்தான் உறுதிப்படும். போட்டோவைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா? அதை இந்த மாதமே நிறுத்துங்கள்.

அடுத்த முறை தனியாகப் போங்கள், பொட்டலம் இல்லாமல். கையைப் பிடிக்க வேண்டாம். மாற்கு முதல் அதிகாரத்தில் குஷ்டரோகி தானே வந்து கேட்கிறான். இயேசு கை நீட்டித் தொடுவது அதற்கப்புறம்தான். உங்கள் வீட்டில் ஏதாவது கஷ்டம் இருக்குமே, அதைச் சொல்லி, "எனக்காக ஜெபம் பண்ணுங்க பாட்டி" என்று கேளுங்கள். உண்மையான கஷ்டமாக இருக்கட்டும்; பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார். உடனே ஒன்றும் நடக்காமல் போகலாம். சுவர்ப் பக்கமே திரும்பிக்கொள்ளவும் கூடும். சரி, மறுபடி போங்கள்.

சாப்பாட்டைக் குறைத்தாலோ சாவைப் பற்றியே பேசினாலோ அங்குள்ள நர்ஸிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

என்றாவது டீ போடட்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். டம்ளரைத் துணி சுற்றிப் பிடிக்கும்படி மட்டும் அவரிடம் சொல்லுங்கள், சூடு அவர் கைக்குத் தெரியாமல் போகலாம். சர்க்கரை தூக்கலாக இருந்தால் அதையும் சொல்லுங்கள்.